பாய்லர் துரை பால் காய்ச்சினார்

மதுரையில் அந்தக் காலத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரைமார்களில், ஜனங்கள் பார்த்துப் பயப்படாத ஒரே துரை பாய்லர் துரைதான். காரணம், அவர்தான் ஜனங்களைப் பார்த்துப் பயந்தார். கறுப்பு ஜனம், வெள்ளை ஜனம் என்ற பேதம் அதில் கிடையாது. கலெக்டர் ஆபீஸ் துரைமார், அவர்கள் வீட்டுத் துரைசானிகள், துரைசானிகளின் மடியில் கிடக்கும் நாய்க்குட்டிகள் என்று, நீராவியால் ஓடாத எதைக் கண்டாலும் அவருக்கு உதறல் எடுக்கும். ஆறேகால் அடி உயரம், செம்பட்டை மீசை. இரண்டு ஆள் சேர்ந்து திருகுகிற வால்வை ஒற்றைக் கையால் மூடிவிடுவார். அப்படிப்பட்டவர், நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றியபடி, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண்ணைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

யுத்தத்துக்கு ஏழெட்டு வருஷம் முந்தி நான் மதுரையில் ஒரு நூல் மில்லில் பாய்லர் பகுதிக் குமாஸ்தாவாக இருந்தேன். அவர் அந்தப் பகுதிக்கு இஞ்சினீயர். அவருடைய நிஜப் பெயரைத் தினமும் பத்துத் தடவை டைப் அடித்திருக்கிறேன். இங்கே எழுதினால் யாருக்கும் அடையாளம் தெரியாது. பாய்லர் துரை என்றால் ரயிலடி ஜட்கா வண்டிக் குதிரைக்குக்கூடத் தெரியும்.

ஸ்காட்லாந்தில் வருஷம் முழுக்க மழை பெய்கிற ஏதோ ஓர் ஊரிலிருந்து, மூன்று வருஷக் கண்டிராக்டில் வந்திருந்தார். வந்த நாலாவது மாதமே தமிழ் பேச ஆரம்பித்துவிட்டார். கற்றுக்கொடுத்தவர் பாய்லர் மேஸ்திரி. மேஸ்திரிக்கு அலங்காநல்லூர். ஆகவே துரைக்கு வந்தது அலங்காநல்லூர்த் தமிழ். கரி தள்ளுகிறவரில் தொடங்கி எல்லாரும் அவருக்கு 'மாப்ள'தான். ஒரு தடவை பாய்லரைச் சோதனை போட வந்த அறுபது வயது இன்ஸ்பெக்டரை, "வாங்க மாப்ள, எம்புட்டு நேரமாக் காத்துக்கிட்டு இருக்கேன்" என்று வரவேற்றார். இன்ஸ்பெக்டர் வெட்கப்பட்டுப்போய் அன்றைக்கு ஒரு குறையும் எழுதாமல் போனார்.

அவருக்குத் தெரிந்த உலகம் முழுக்கப் பாய்லருக்குள் இருந்தது. வண்டியூர்த் தெப்பக்குளத்தைக் காட்டினால் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இவர் கரையில் நின்று விரல் விட்டு எண்ணி, "இந்தத் தண்ணி நம்ம பாய்லருக்கு எத்தனை மாசம் காணும் தெரியுமா மாப்ள?" என்று கேட்டார். ஊரிலிருந்து ஒரு பை வாத்தியம் கொண்டுவந்திருந்தார். கக்கத்தில் இடுக்கி ஊதுகிற, ஆட்டுத்தோல் பை மாதிரியான வாத்தியம். பங்களாவில் ஊதினால் அக்கம்பக்கத்துத் துரைமார் புகார் எழுதினார்கள். அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் அறையில் வைத்து ஊதினார். முதல் நாள், பாய்லர் வெடிக்கப்போகிறது என்று நினைத்து முந்நூறு பேர் ரயிலடி வரைக்கும் ஓடினார்கள். ஓடினவர்களில் நானும் ஒருவன்.

இவ்வளவும் சிரிப்பாக இருந்தாலும், அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. யாராவது ஒருவர் அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேச வேண்டும். அது நடக்கவில்லை.

வெள்ளைக்காரர்களுக்குள் ஒரு சம்பிரதாயம் இருந்தது. வைகைக்கு வடகரையில் இருந்த துரைமார் பங்களாக்களின் கேட்டில் ஆளுக்கொரு தகரப் பெட்டி மாட்டியிருக்கும். ஊருக்குப் புதிதாக வருகிறவர் உச்சி வெயிலில், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேட்டுக்கும் போய்த் தம் பெயர் அச்சடித்த கார்டைப் பெட்டியில் போட வேண்டும். உள்ளே போகக் கூடாது. வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். இருந்தாலும் வீட்டில் இல்லை என்று அர்த்தம். பிறகு அவர்களுக்கு இஷ்டம் இருந்தால், இரண்டு வாரத்துக்குள் அவர்கள் கார்டு இவர் பெட்டிக்கு வரும். வந்தால் விருந்து, டென்னிஸ், கிளப் எல்லாம். வராவிட்டால் அந்த ஆள் ஊரில் இருந்தும் இல்லாதவர். ஒருவர் வீட்டுக்கு அவரைப் பார்க்காமல் இருப்பதற்காகவே போவது என்ற ஏற்பாட்டை இன்றுவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

பாய்லர் துரை இருபத்தாறு வீட்டுக்குக் கார்டு போட்டார். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கையில் கரி படுகிற உத்தியோகமாம். வெள்ளைக்காரர்களுக்குள் ஜாதி கிடையாது என்று அதுவரை நான் நினைத்திருந்தேன்.

தம் கேட்டில் அவரும் ஒரு பெட்டி மாட்டியிருந்தார். மில் பட்டறையில் பாய்லர்த் தகட்டில் செய்தது. அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மில்லுக்கு வருவார். ஒரு நாள் உள்ளே பல்லி. ஒரு நாள் குளவிக்கூடு. ஏழாவது மாதத்தில் ஒரு நாள் முகமெல்லாம் பல்லாக, கையில் ஒரு ரோஸ் காகிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். வாங்கிப் பார்த்தால் நாடகக் கம்பெனி நோட்டீஸ். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் விடவில்லை.

"பெட்டியில போட்டாகளா இல்லையா? போட்டாக. அப்ப நான் பதிலுக்குப் போகணும்ல மாப்ள."

அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு நாடகக் கொட்டகைக்குப் போனார். பாதி அழித்த சாயத்தோடு தூங்கிக்கொண்டிருந்த ராஜபார்ட் நடிகரை எழுப்பி, தொப்பியைக் கழற்றிக் கார்டை நீட்டினார். நடிகர் அதைக் கோர்ட்டுச் சம்மன் என்று நினைத்துப் பின்பக்கத் தட்டியைப் பிரித்துக்கொண்டு ஓடிவிட்டார்.

பதினோராவது மாதம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று மேனேஜருக்கு எழுதிய கடிதம். கையெழுத்துப் போட்டு மடித்து என் சட்டைப் பையில் அவரே செருகினார்.

"இந்த மாசம் முடியுறதுக்குள்ள ஒரு மனுசனாச்சும் நம்ம வீட்டு வாசலை மிதிக்கணும். இல்லேன்னா ஒண்ணாந்தேதி இதை மேனேஜர் மேசையில வச்சிரு. பாய்லர்கிட்டயே எம்புட்டு நாளுக்குப் பேசுறது?"

மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது. கொட்டாம்பட்டியிலிருந்து வந்து, பல குடித்தனம் இருக்கிற ஒரு ஸ்டோர் வீட்டு மாடியில் முதல் வருஷம் பேச ஆளில்லாமல் கிடந்தவன் நான். அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

"இந்த ஊர்ல வெளியூர்க்காரங்க துரைமார் மட்டுமா இருக்காங்க? பொழைக்க வந்தவங்க எத்தனையோ பேரு இருக்காங்களே" என்றேன்.

"உனக்கு எந்த ஊரு மாப்ள?"

"கொட்டாம்பட்டி."

"உங்க ஆத்தா அங்கயா இருக்காக?"

"ஆமா."

"அப்ப நீயும் நம்ம ஆளுதான். நூறு கார்டு அடிச்சிட்டு வா. முதல் கார்டு உனக்கு."

வடக்கு மாசி வீதியில் தெரிந்த அச்சாபீஸில் கொடுத்தேன். நாலாம் நாள் வந்த கட்டைத் துரையின் மேசையில் வைத்துப் பிரித்ததும் எனக்கு மூச்சு நின்றது. நூறு கார்டிலும் நாலு மூலையிலும் பளிச்சென்று மஞ்சள் தடவியிருந்தது.

துரை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "தங்க ஓரம்" என்றார். "எங்க ஊர்ப் பிரபு வீட்டுலதான் இந்த மாதிரிக் கார்டு வச்சிருப்பாக." பதினொரு மாதத்துக்குப் பிறகு ஒரு மனிதர் வாய் நிறையச் சிரிக்கும்போது மஞ்சளைப் பற்றி விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரே அச்சாபீஸுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"என்னண்ணே இப்படிப் பேசுறீக" என்றார் அச்சாபீஸ்காரர். "மஞ்சள் இல்லாம கார்டு வெளிய போனா அது கருமாதிக் கார்டுல்ல? நம்ம கடையில அடிச்ச கார்டை அப்படிக் குடுத்துவிடச் சொல்றீகளா? அந்தத் துரை நல்லா இருக்க வேணாமா?"

கார்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் பல் கட்டுகிற சீனாக்காரர். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சின்னக் கடை. தொழிலுக்கு வேண்டிய மூன்று வாக்கியத்துக்கு மேல் தமிழ் தெரியாது: "வாயைத் திறங்க", "கொப்புளிங்க", "கடிச்சுப் பாருங்க." அடுத்தது ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்து பெருங்காயம் விற்கிற காபூலி. மூட்டையோடு அவர் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அடுத்த தெருவுக்கு வாசம் வந்துவிடும். பிறகு குஜராத்தி ஜவுளிக்காரர், மலையாளத்து டீக்கடைக்காரர் என்று முடித்த பிறகும் கையில் பாதிக் கட்டு மீந்தது. துரைமார் பங்களாக்களும் வெளியூர்க்காரர்கள் வீடுதானே என்று ஆற்றைத் தாண்டினேன்.

அங்கேதான் தப்புச் செய்தேன். கேட்டுப் பெட்டியில் கார்டு போடுவது துரைமார் செய்கிற காரியம், நமக்கு எதற்கு என்று பின்பக்கமாகப் போய்ச் சமையல்காரர்கள் கையில் கொடுத்தேன். மஞ்சள் தடவிய கார்டை ஒருவர் கையில் கொடுக்கும்போது மதுரைப் பக்கத்து ஆள் வாய் சும்மா இருக்குமா? முதல் வீட்டிலேயே, "அவசியம் குடும்பத்தோட வந்துருங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னேன்.

சமையல்காரர்கள் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கேட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த கார்டு என்றால் துரைசானிகள் குப்பையில் போட்டிருப்பார்கள். இது தட்டில் வெற்றிலை பாக்கோடு போனது. "மஞ்சள் வச்சுக் கூப்பிட்டிருக்காக. போகலேன்னா நம்ம வீட்டுக்கு ஆகாதும்மா" என்று சமையல்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். சமையல்காரரின் பேச்சைத் தட்டிவிட்டு மதுரையில் ஒரு துரைசானியும் குடித்தனம் நடத்த முடியாது.

கார்டில் தேதி இல்லை. மறுநாள் காய்கறி மார்க்கெட்டில் எல்லாச் சமையல்காரர்களும் சேர்ந்து, பாய்லர் துரையின் பட்லர் சூசையை மடக்கினார்கள். சூசைக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் கௌரவம் போய்விடும்.

"வீடு குடிபோன விசேஷம்" என்று அவிழ்த்துவிட்டார். "வளர்பிறை வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலரை. காலையில வச்சா உங்க துரைசானியெல்லாம் எந்திரிக்காதுல்ல."

சேதி மார்க்கெட்டிலிருந்து சீனாக்காரர், காபூலி காதுவரைக்கும் பரவிவிட்டது. சூசையோ வீட்டுக்கு வந்து அதை மறந்தும்விட்டார். வியாழக்கிழமை மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க மில்லுக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, நாளைக்கு அம்புட்டுப் பேரும் வாராக. கலெக்டர் ஆபீஸ் துரைக்குக்கூடச் சட்டை தேச்சாச்சாம். நம்ம வீட்டுல நாலு நாற்காலிதான் இருக்கு. துரைக்கிட்ட யாரு சொல்றது?"

யாரும் சொல்லவில்லை. சொன்னால் பயத்தில் மறுநாள் காலை ரயிலிலேயே ஏறிவிடுவார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மேஸ்திரி மில்லிலிருந்து பெஞ்சுகளை வண்டியில் ஏற்றினார். நான் ஒரு ஹோட்டலில் வடையும் கேசரியும் சொல்லிவிட்டு, வாழையிலைக் கட்டும் மாவிலையும் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை நாலே காலுக்கு, மேலெல்லாம் கரியோடு, அரைக்கால் சட்டையும் பனியனுமாகத் துரை வீடு வந்து சேர்ந்தார். கேட்டில் மாவிலைத் தோரணம். ஒரு நிமிஷம் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போகப் பார்த்தார். அதற்குள் சீனாக்காரர் குடும்பத்தோடு குதிரை வண்டியில் வந்து இறங்கினார். துரையைப் பார்த்துக் குனிந்து வணங்கி, தமக்குத் தெரிந்த தமிழில் மிகவும் மரியாதையாக, "வாயைத் திறங்க" என்றார். துரையின் வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

பின்னாலேயே காபூலி வந்தார். ஜவுளிக்காரர் வந்தார். ஐந்து மணிக்குள் வடகரையே காலியாகி இந்தப் பங்களாவுக்குள் வந்துவிட்டது. துரை ஓடிப்போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார், பனியனுக்கு மேலேயே. கடைசியாகக் கிளப் செக்ரெட்டரி துரை மனைவியோடு வந்தார். கார்டுகளைத் திருப்பாமல் விடுவதென்று முதலில் முடிவு செய்தவர் அவர்தான். பெஞ்சில் இலை போட்டு உட்கார வைத்தோம். பக்கத்தில் சீனாக்காரர் இருப்பதைப் பார்த்ததும் அவருடைய மூக்கு மேலே போனது. "இந்த மனுஷனையெல்லாம் யார் கூப்பிட்டது?" என்று இங்கிலீஷில் உரக்கக் கேட்டார்.

சீனாக்காரர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. இலையிலிருந்த வடையைக் காட்டி, அன்போடு, "கடிச்சுப் பாருங்க" என்றார். செக்ரெட்டரியின் முகம் வெளுத்தது. மேல் வரிசைப் பல் முழுக்கச் சீனாக்காரர் கட்டிக் கொடுத்தது. அது ஊருக்குத் தெரியாமல் அவர் இரண்டு வருஷமாகக் காப்பாற்றி வந்த ரகசியம். மறுபேச்சு இல்லாமல் வடையைக் கடித்தார். அதற்குப் பிறகு யாரைப் பற்றியும் அவர் வாயைத் திறக்கவில்லை.

பால் காய்ச்ச வேண்டுமே. முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, புதுப் பித்தளைப் பானையில் பாலை ஊற்றினார் சூசை. "பால் பொங்கி வழியணும் துரை. வழிஞ்சாத்தான் இந்த வீட்டுல மனுச மக்க தங்குவாக" என்று சொல்லிக் கரண்டியைத் துரை கையில் கொடுத்தார்.

இங்கேதான் பெரிய சங்கடம் வந்தது. பதினெட்டு வயதிலிருந்து பாய்லர் துரை செய்து வந்த வேலை ஒன்றுதான்: கொதிப்பதைப் பொங்க விடாமல் காப்பது. பால் நுரை கட்டி விளிம்புக்கு ஏறியதும் அவர் கை தானாகப் போய்ப் பானையைத் தூக்கிவிட்டது. எல்லாரும் ஐயோ என்றார்கள். மறுபடி வைத்தார். மறுபடி ஏறியது. மறுபடி தூக்கிவிட்டார். மூன்றாம் தடவை விறகையே வெளியே இழுத்துவிட்டார். கூட்டம் முழுக்க எழுந்து அடுப்பைச் சுற்றி வந்துவிட்டது.

"பொங்கட்டும் துரை, விடுங்க" என்று சூசை கெஞ்சினார்.

"முடியல மாப்ள. மனசு ஒத்துக்கிட மாட்டேங்குது" என்றார் துரை. நெற்றியில் வேர்வை கரியோடு வழிந்தது. எனக்குப் பையில் இருந்த கடிதம் நெஞ்சில் குத்தியது. இந்தப் பால் பொங்காவிட்டால் இவர் நிச்சயம் போய்விடுவார் என்று நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

காபூலி தலைப்பாகையை ஏற்றிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து துரையின் வலக் கையைப் பிடித்தார். சீனாக்காரர் இடக் கையைப் பிடித்தார். அது போதாமல், செக்ரெட்டரியின் மனைவி பின்னாலிருந்து கோட்டைப் பிடித்து இழுத்தார். சூசை விறகைத் திரும்ப உள்ளே தள்ளினார். பால் ஏறியது. துரை கண்ணை இறுக மூடிக்கொண்டார். பால் பொங்கி, நாலு பக்கமும் வழிந்து, அடுப்பில் சடசடவென்று விழுந்தது. துரைசானிகள் கை தட்டினார்கள். மேஸ்திரி குலவை போட்டார். அது பெண்கள் போடுவது என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. துரை கண்ணைத் திறந்து வழிந்த பாலைப் பார்த்தார். தம்மைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். அப்புறம் குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பிறகு பை வாத்தியத்தை எடுத்து ஊதினார். யாரும் ரயிலடிக்கு ஓடவில்லை.

போகும்போது செக்ரெட்டரியின் மனைவி, கேசரி எப்படிச் செய்வதென்று எழுதிக்கொள்ளக் காகிதம் கேட்டார். அவசரத்தில் என் பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். முதுகுப்புறத்தில் சூசை சொல்லச் சொல்ல ரவை, சர்க்கரை, நெய் என்று எழுதி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பாய்லர் துரையின் ராஜினாமா அப்படியாகக் கிளப் செக்ரெட்டரியின் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை காலையில் பாய்லர்த் தகட்டுப் பெட்டியில் பத்தொன்பது கார்டு இருந்தது. அடுத்த மாதம் செக்ரெட்டரியே வந்து, கிளப்பில் சேர்ந்துகொள்ளச் சொன்னார். இன்னொரு துரையிடம் பாய்லர் துரை தரையைப் பார்க்காமல் பேசியது அன்றுதான் முதல் தடவை.

"சீனாக்காரரும் காபூலியும் கூட வருவாக. சம்மதம்னா சொல்லுங்க."

கிளப்புக்குச் சம்மதம் இல்லை. அதனால் வளர்பிறை வெள்ளிதோறும் கூட்டம் பாய்லர் துரை முற்றத்தில் நடந்தது. நாலு மாதத்தில் அந்த வெள்ளிக்கிழமைகளில் கிளப்பில் விளக்கேற்ற ஆள் இல்லை. ஆறாவது மாதம், கிளப் தன் சீட்டாட்ட மேசைகளையே வண்டியில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டது. சீனாக்காரரும் காபூலியும் ஜோடி சேர்ந்து செக்ரெட்டரியைத் தோற்கடிப்பதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு வந்த துரை பதினாலு வருஷம் இருந்தார். யுத்தம் முடிந்த பிறகு, தாயாருக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போனார். ரயிலடிக்கு வந்த கூட்டத்தில் ஜட்காக் குதிரைகளுக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை.

இந்த வருஷம் நான் மதுரையில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டினேன். பத்திரிகைக்கு மஞ்சள் தடவி, முதல் பிரதியைக் கடல் தாண்டி அவருக்கு அனுப்பினேன். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் பதில் வந்தது. அவருடைய பெயர் அச்சடித்த கார்டு. நாலு மூலையிலும் மஞ்சள். முகர்ந்து பார்த்தேன், காரம் மண்டையில் ஏறியது. வெள்ளைக்காரர்கள் தொட்டுக்கொள்கிற மஞ்சள் நிறக் கடுகுப் பொடி. அந்த மழைக்கார ஊரில் மஞ்சள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பின்புறத்தில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "பொங்க விடு மாப்ள. கையைக் கட்டிக்க."

மறுநாள் பால் பொங்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றேன். வீடு நிறைய ஜனம் வந்திருந்தது. எனக்கு, வராத அந்த ஒருவர் நினைவாகவே இருந்தது.